பொலிவியாவின் வரலாறு

பொலிவியாவின் வரலாறு என்பது தென் அமெரிக்காவின் நடுவே, நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டுள்ள பொலிவியா நாட்டின் பண்டைக்காலம் முதல் இன்று வரையிலான வரலாறு ஆகும். பொலிவியா என்னும் பெயரும் அந்நாட்டின் எல்லைகளும் 1825 ஆம் ஆண்டில் தோன்றியவை. ஆனால் அங்கே மனிதர் வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. விடுதலை பெற்றபோது இந்நாட்டுக்குப் பசிபிக் பெருங்கடலில் கரை இருந்தது. பிற்காலத்தில் பெரு, சிலி, அர்ஜென்டினா, பராகுவே, பிரேசில் ஆகிய ஐந்து அயல் நாடுகளிடமும் நிலத்தை இழந்து, தொடக்கத்தில் தனதென்று கோரிய பரப்பில் ஏறத்தாழப் பாதியுடன் இன்று நிற்கிறது.

வெள்ளி, வெடியுப்பு, இரப்பர், வெள்ளீயம், எண்ணெய், எரிவளி எனப் பெருஞ்செல்வம் இந்த மண்ணிலிருந்து வெளியே சென்றுள்ளது. எனினும் தென் அமெரிக்காவின் வறிய நாடுகளுள் ஒன்றாகவே பொலிவியா நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. மக்களில் பெரும்பான்மையினரான அய்மாரா, கெச்சுவா முதலிய தொல்குடியினருக்கு 1952 வரை வாக்குரிமை கூட இல்லை. நிலத்தடிச் செல்வம் யாருக்கு உரியது, அரசில் யாருக்கு இடம் உண்டு என்னும் இரண்டு கேள்விகளும் இந்நாட்டின் வரலாற்றில் பெரும்பாலும் சேர்ந்தே எழுந்துள்ளன.

பண்டைக்காலம்

நாட்டின் மேற்குப் பகுதியில் அந்தீஸ் மலைத்தொடர் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. அவற்றின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், அல்டிப்ளானோ எனப்படும் மேட்டுச் சமவெளி அமைந்துள்ளது. அதன் வட பகுதியில் பெரு நாட்டுடன் பகிர்ந்துகொள்ளும் தித்திகாக்கா ஏரி உள்ளது. மரங்கள் அரிது. இரவில் உறைபனி விழும். இத்தகைய இடத்தில் பேரளவு மக்கள் வாழ முடிந்ததற்கு உருளைக்கிழங்கு, கினுவா ஆகிய பயிர்களும், லாமா, அல்பாக்கா ஆகிய விலங்குகளும் காரணமாயின. உருளைக்கிழங்கை இரவு உறைபனியில் கிடத்தி, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தி, சுன்யோ என்னும் உணவாக்கிப் பல ஆண்டுகள் கெடாமல் சேமிக்கும் முறையை இம்மக்கள் கண்டறிந்தனர். இன்றும் இது வழக்கில் உள்ளது. நமக்கு நன்கு பழக்கமான நிலக்கடலையின் பிறப்பிடமும் தென் பொலிவியாவும் அதனை ஒட்டிய வட அர்ஜென்டினாவுமே என்று தாவரவியலாளர் கருதுகின்றனர்.

தித்திகாக்கா ஏரியின் தென்கரைக்கு அருகே இருந்த தியவானாக்கு நகரம் கி.பி. 500 முதல் 1000 வரையான காலத்தில் உச்ச நிலையில் இருந்தது. அக்கப்பானா என்னும் படிக்கட்டுப் பிரமிடு, கலசசாயா என்னும் மதில் சூழ்ந்த வளாகம், ஒரே கல்லில் செதுக்கப்பட்ட சூரிய வாயில் ஆகியவை அங்கு எஞ்சியுள்ளன. இரும்புக் கருவிகளோ, எழுத்தோ, சுமை வண்டியோ இல்லாத மக்கள் இவற்றைக் கட்டினர். இக்கட்டடங்களைவிட அவர்களுடைய வேளாண்மை முறை வியப்புக்குரியது. ஏரிக்கரைச் சதுப்பில் மண்ணை உயர்த்திப் பாத்திகள் அமைத்து, அவற்றுக்கிடையே கால்வாய்கள் வெட்டினர். கால்வாய் நீர் பகலில் வெயிலின் வெப்பத்தை ஏற்று இரவில் மெல்ல வெளிவிடுவதால் பயிர்கள் உறைபனியில் கருகாமல் தப்பின. 1980களில் இப்பாத்திகளைச் சில இடங்களில் மீண்டும் அமைத்துப் பயிரிட்டபோது இம்முறை பயன் தருவது கண்டறியப்பட்டது. தியவானாக்கு வீழ்ந்ததற்கு நீண்ட வறட்சி ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதுவே முதற்காரணமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

பண்டைப் பொலிவியா என்றாலே மலைநாடு என்று எழுதுவது பழைய நூல்களின் வழக்கம். இது சரியன்று. வடகிழக்கே அமேசான் படுகையிலுள்ள மோஹோஸ் சமவெளியில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மரவள்ளியும் பூசணி இனங்களும் பயிரிடப்பட்டமைக்குச் சான்றுகள் உள்ளன. கி.பி. 500 முதல் 1400 வரை அங்கு விளங்கிய கசராபே பண்பாட்டின் மண் மேடுகளும், நேர்கோட்டுப் பாதைகளும், கால்வாய்களும் காட்டுக்குள் மறைந்து கிடந்தன. வானிலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி நிலத்தை அளந்த ஓர் ஆய்வு 2022 இல் வெளியான பின்னரே இவற்றின் முழு அளவு தெரியவந்தது.

தியவானாக்குவுக்குப் பின் மேட்டு நிலத்தில் அய்மாரா மொழி பேசும் பல சிற்றரசுகள் தோன்றின. 15 ஆம் நூற்றாண்டில் இவற்றை இன்காக்கள் வென்று, கொய்யாசுயு என்ற பெயரில் தம் பேரரசின் நான்கு பிரிவுகளுள் ஒன்றாக இணைத்தனர். கெச்சுவா மொழி இங்கு பரவுவதற்கு இன்கா ஆட்சி வழிவகுத்தது. எனினும் ஏரியைச் சூழ்ந்த பகுதியில் அய்மாரா மொழி அழியாமல் நிலைத்தது. கிழக்குத் தாழ்நிலத்திலிருந்த குவாரனி மக்களை இன்காக்களால் அடக்க முடியவில்லை.

பொட்டோசி மலை

1532 இல் பிரான்சிஸ்கோ பிசாரோ இன்கா அரசர் அத்தவால்பாவைச் சிறைப்பிடித்தார். 1538 ஆம் ஆண்டளவில் ஸ்பானியர் இன்றைய பொலிவியாவின் மேட்டு நிலத்தைக் கைப்பற்றினர். அவர்கள் நிறுவிய லா பிளாட்டா நகரமே இன்றைய சுக்ரே ஆகும். 1545 இல் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு இந்நிலப்பகுதியின் போக்கை மாற்றியது. பொட்டோசியில் உள்ள ஒரு கூம்பு வடிவ மலையில் வெள்ளித் தாது கிடைத்தது. ஸ்பானியர் அதற்குச் செல்வ மலை எனப் பொருள்படும் செர்ரோ ரிக்கோ என்று பெயரிட்டனர். 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், எதுவும் விளையாத குளிர்நிலத்தில் ஒரு நகரம் எழுந்தது. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஏறத்தாழ 1,60,000 பேர் வாழ்ந்தனர். அக்காலத்து ஐரோப்பியப் பெருநகரங்களுக்கு இது ஒப்பாகும். மிகுந்த மதிப்புடைய பொருளை "ஒரு பொட்டோசி பெறும்" என்று கூறும் வழக்கு ஸ்பானிய மொழியில் இன்றும் உண்டு.

முதலில் எடுத்த வளமான தாது தீர்ந்தபின் உற்பத்தி சரிந்தது. 1570களில் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ டி தொலேடோ இரு மாற்றங்களைக் கொண்டுவந்தார். தாழ்தரத் தாதுவைப் பொடித்துப் பாதரசத்துடன் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை முதலாவது. இதற்கான பாதரசம் பெருவின் உவான்காவெலிக்கா சுரங்கத்திலிருந்து வந்தது. இரண்டாவது மித்தா எனப்பட்ட கட்டாய வேலைமுறை. இன்காக்கள் காலத்தில் பொதுப்பணிகளுக்கு மக்கள் முறைவைத்து உழைத்தனர். அரசு அதற்கு ஈடாக உணவும் பாதுகாப்பும் அளித்தது. தொலேடோ இப்பெயரை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். குறிப்பிட்ட மாகாணங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் பொட்டோசிக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர் வரவழைக்கப்பட்டனர். சட்டப்படி ஒருவர் மூன்று வாரத்தில் ஒரு வாரமே வேலை செய்ய வேண்டும் என்பதால், எந்நேரமும் 4,500 பேர் பணியில் இருப்பர் என்பது கணக்கு. நடைமுறையில், கிடைத்த கூலி உணவுக்குப் போதாமையால் ஓய்வு வாரங்களிலும் பலர் கூலியாட்களாக அதே சுரங்கத்தில் இறங்கினர். குடும்பத்துடன் பல வாரங்கள் நடந்து வந்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. மித்தாவுக்கு அஞ்சிச் சொந்த ஊரைவிட்டு ஓடியவர்களால் கிராமங்கள் வெறுமையாயின.

பொட்டோசியில் 80 இலட்சம் பேர் மாண்டனர் என்று பல நூல்களில் காணப்படும் எண்ணிக்கைக்கு உறுதியான சான்று இல்லை. சுரங்கச் சரிவு, பாறைத்தூள், பாதரச நஞ்சு ஆகியவற்றால் தலைமுறை தலைமுறையாக ஏராளமானோர் இறந்தது மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் நாணயச் சாலையிலும் பிற இடங்களிலும் உழைத்தனர். அவர்களது வழித்தோன்றல்கள் லா பாசுக்கு அருகிலுள்ள யுங்காஸ் பள்ளத்தாக்குகளில் இன்றும் வாழ்கின்றனர்.

பொட்டோசியில் அச்சிடப்பட்ட நாணயங்கள் ஸ்பெயினுக்கு மட்டும் செல்லவில்லை. ஸ்பெயின் அரசின் போர்க்கடன்களுக்காக ஐரோப்பிய வங்கியாளர்களிடம் சென்றன. பசிபிக் வழியே மணிலாவுக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் சென்றன. ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் துணி வாங்குவதற்குக் கொண்டுவந்த வெள்ளியில் பெரும்பகுதி ஸ்பானிய அமெரிக்கச் சுரங்கங்களில் கிடைத்ததேயாகும்.

கிழக்குத் தாழ்நிலத்தின் குடியேற்றக் கால வரலாறு வேறுவிதமானது. அங்கு 17 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இயேசு சபையினர் சிக்கித்தோஸ், மோஹோஸ் பகுதிகளில் சமயக் குடியிருப்புகளை அமைத்தனர். 1767 இல் ஸ்பெயின் அரசர் அவர்களை வெளியேற்றினார். அவர்கள் கற்பித்த இசையின் கையெழுத்துப் படிகள் ஊர் மக்களால் காக்கப்பட்டு இன்றும் கிடைக்கின்றன.

1781 கிளர்ச்சி

18 ஆம் நூற்றாண்டில் வரிகள் உயர்ந்தன. மாவட்ட அதிகாரிகள் தேவையற்ற பொருட்களைக் கொள்ளை விலைக்குத் தொல்குடி மக்களிடம் கட்டாயமாக விற்றனர். சயந்தா பகுதியைச் சேர்ந்த தொமாஸ் கத்தாரி, முறையிடுவதற்காக 1778 இல் புவெனஸ் அயர்ஸ் வரை நடந்தே சென்று அரசப் பிரதிநிதியைக் கண்டார். ஊரில் அவருக்குக் கிடைத்தது சிறையும், 1781 தொடக்கத்தில் மரணமும்தான். அதே காலத்தில் பெருவின் குஸ்கோ பகுதியில் இரண்டாம் துபாக் அமாரு கிளர்ந்தெழுந்தார்.

1781 மார்ச்சில், ஹூலியான் அப்பாசா என்னும் அய்மாரா வணிகர் துபாக் கத்தாரி என்ற பெயரை ஏற்று லா பாஸ் நகரை முற்றுகையிட்டார். அவரது மனைவி பார்த்தொலினா சிசா படை நடத்துவதில் இணையாகப் பங்கேற்றார். லா பாஸ் ஒரு ஆழ்ந்த பள்ளத்தில் அமைந்த நகரம். மேலே சமவெளியின் விளிம்பைப் பிடித்தவர் நகரத்துக்கு உணவு செல்லும் வழியை மறிக்கலாம். இடையில் ஒரு முறை தளர்ந்து மீண்டும் தொடர்ந்த முற்றுகை ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது. நகருக்குள் ஆயிரக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் இறந்தனர். வெளியிலிருந்து வந்த அரச படைகள் முற்றுகையை உடைத்தன. நவம்பரில் காட்டிக்கொடுக்கப்பட்ட கத்தாரி, நான்கு குதிரைகளில் கட்டி இழுத்துக் கொல்லப்பட்டார். பார்த்தொலினா சிசா 1782 செப்டம்பர் 5 இல் தூக்கிலிடப்பட்டார். அந்நாள் இன்று தொல்குடிப் பெண்களின் பன்னாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. முற்றுகையிட்டோர் பாசறை அமைத்த அந்த விளிம்பில் இப்போது எல் ஆல்ட்டோ என்னும் பெரிய நகரம் உள்ளது.

விடுதலையும் புதிய குடியரசும்

1809 மே 25 இல் சுக்கிசாக்காவிலும் (இன்றைய சுக்ரே), ஜூலை 16 இல் லா பாசிலும் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுச்சிகள் நிகழ்ந்தன. லா பாஸ் எழுச்சியின் தலைவர் பேத்ரோ தொமிங்கோ முரில்யோ 1810 சனவரியில் தூக்கிலிடப்பட்டார். ஹுவானா அசுர்துய் முதலிய கொரில்லாத் தலைவர்கள் பல ஆண்டுகள் போரிட்டனர். ஆயினும் தென் அமெரிக்காவில் முதலில் எழுந்த இந்நாடு ஏறத்தாழக் கடைசியாகவே விடுதலை பெற்றது. 1824 டிசம்பரில் பெருவின் அயகுச்சோவில் ஸ்பானியப் படையை முறியடித்த அந்தோனியோ ஹொசே டி சுக்ரே மேல் பெருவுக்குள் நுழைந்தார். 1825 ஆகஸ்ட் 6 இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. சிமோன் பொலிவாரின் பெயர் நாட்டுக்குச் சூட்டப்பட்டது.

தொல்குடியினர் ஸ்பானிய அரசுக்குச் செலுத்திவந்த தலைவரியைப் பொலிவார் ஒழித்தார். 1826 இலேயே அது மீண்டும் விதிக்கப்பட்டது. சுரங்கங்கள் போரில் பாழடைந்திருந்தமையால் புதிய குடியரசின் கருவூலத்துக்கு அவ்வரியை விட்டால் வேறு பெரிய வருவாய் இல்லை. குடிமக்களாக ஏற்கப்படாதவர்களின் வரியில் பல பத்தாண்டுகள் அக்குடியரசு நடந்தது.

1829 முதல் ஆண்ட அந்திரேஸ் டி சான்ட்டா குரூஸ் பெருவையும் பொலிவியாவையும் 1836 இல் ஒரு கூட்டாட்சியாக இணைத்தார். தன் அருகில் வலிமையான நாடு உருவாவதை விரும்பாத சிலி, 1839 சனவரியில் யுங்காய் போரில் அக்கூட்டாட்சியை உடைத்தது. அதன்பின் படைத்தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆட்சியைப் பிடித்தனர். இவர்களுள் 1864 முதல் 1871 வரை ஆண்ட மரியானோ மெல்காரெஹோ பற்றிய வேடிக்கைக் கதைகள் பல உலவுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நம்பத்தக்கவையல்ல. அவர் தொல்குடி ஊர்களின் பொதுநிலங்களை விற்பனைக்கு விட்டது மட்டும் உண்மை. 1874 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுநில உடைமையை முற்றாகவே செல்லாததாக்கியது.

கடலை இழத்தல்

பொலிவியாவின் கடற்கரை அட்டகாமா பாலைவனத்தில் இருந்தது. அங்கு உரத்துக்குப் பயன்பட்ட கடற்பறவை எச்சமும், உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்பட்ட வெடியுப்பும் கிடைத்தன. அவற்றை எடுத்தவர்கள் பெரும்பாலும் சிலி நாட்டுத் தொழிலாளரும், சிலி-பிரித்தானிய முதலீட்டாளரும் ஆவர். 1874 இல் சிலியுடன் செய்த உடன்படிக்கையில், சிலி நிறுவனங்கள் மீதான வரியை 25 ஆண்டுகளுக்கு உயர்த்துவதில்லை என்று பொலிவியா ஒப்புக்கொண்டது. 1878 இல் அந்தோபகாஸ்தா வெடியுப்பு நிறுவனத்தின் ஏற்றுமதி மீது குவிண்டாலுக்குப் பத்து சென்டாவோ வரி விதித்தது. நிறுவனம் மறுத்தது. 1879 பிப்ரவரி 14 இல் சிலிப் படை அந்தோபகாஸ்தாவில் இறங்கியது.

பெருவும் பொலிவியாவின் பக்கம் போரில் இறங்கியதால் இது பசிபிக் போர் எனப்படுகிறது. 1880 மே மாதம் தக்னா அருகே தோற்றபின் பொலிவியா போர்க்களத்திலிருந்து விலகியது. 1884 இல் போர் நிறுத்தமும், 1904 இல் அமைதி உடன்படிக்கையும் ஏற்பட்டன. கடற்கரை முழுவதும் சிலிக்குச் சென்றது. அதற்கு ஈடாகச் சிலி அரிக்கா துறைமுகத்திலிருந்து லா பாசுக்கு இருப்புப்பாதை அமைத்துத் தந்தது. பொலிவியர் ஆண்டுதோறும் மார்ச் 23 ஐக் கடல் நாளாகக் கடைப்பிடிக்கின்றனர். கடலற்ற இந்நாடு தித்திகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும் ஒரு கடற்படையை இன்றும் வைத்துள்ளது. கடல்வழி குறித்துப் பேசச் சிலி கடமைப்பட்டுள்ளது என்று பொலிவியா தொடுத்த வழக்கை 2018 அக்டோபர் 1 இல் பன்னாட்டு நீதிமன்றம் 12க்கு 3 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது.

இரப்பர் விளைந்த ஆக்ரே பகுதியும் 1903 இல் 20 இலட்சம் பவுண்டு இழப்பீட்டுக்கு ஈடாகப் பிரேசிலிடம் சென்றது. இதற்கிடையே 1899 இல் தாராளவாதக் கட்சியினர், பாப்லோ சாராத்தே வில்கா தலைமையிலான அய்மாரா படையினரின் துணையுடன் உள்நாட்டுப் போரில் வென்றனர். அரசின் இருக்கை சுக்ரேயிலிருந்து லா பாசுக்கு மாறியது. பொதுநிலங்கள் திரும்பக் கிடைக்கும் என எதிர்பார்த்துப் போரிட்ட அய்மாரா தலைவர்கள், வெற்றிக்குப் பின் கைது செய்யப்பட்டனர்.

வெள்ளீயமும் சாக்கோ போரும்

20 ஆம் நூற்றாண்டில் வெள்ளியின் இடத்தை வெள்ளீயம் பிடித்தது. (தமிழில் பாத்திரங்களுக்கு "ஈயம் பூசுதல்" என்பதில் குறிக்கப்படும் உலோகம் இதுவே. காரீயம் வேறு.) உணவு அடைக்கும் டப்பாக்களின் தகட்டுக்கு இது இன்றியமையாதது என்பதால் உலகச் சந்தையில் தேவை பெருகியது. 1900 ஆம் ஆண்டளவில் ஒரு வளமான தாதுப் படிவைக் கண்டடைந்த சிமோன் பாத்தின்யோ உலகின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். பாத்தின்யோ, ஹோக்சில்டு, அரமாயோ ஆகிய மூவரின் நிறுவனங்கள் நாட்டின் ஏற்றுமதியைத் தம் பிடியில் வைத்திருந்தன. தாதுவை உருக்கும் ஆலை பொலிவியாவில் இல்லை. அது இங்கிலாந்துக்குச் சென்று உருக்கப்பட்டது.

தென்கிழக்கே பராகுவேயுடன் எல்லை வரையறுக்கப்படாத சாக்கோ என்னும் வறண்ட புதர்க்காடு இருந்தது. அங்கு எண்ணெய் இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பும், பராகுவே ஆற்றின் வழியே கடலை அடையும் விருப்பமும், உள்நாட்டு நெருக்கடியும் சேர்ந்து 1932 இல் போராக வெடித்தன. ஆள் தொகையிலும் ஆயுதத்திலும் பொலிவியாவே வலியது. ஆனால் குளிர் மேட்டுநிலத்திலிருந்து கட்டாயமாகத் திரட்டப்பட்ட அய்மாரா, கெச்சுவா உழவர்கள் 40 பாகை செல்சியசை எட்டும் வெப்பத்தில், தண்ணீரற்ற காட்டில் போரிட நேர்ந்தது. குண்டுக்கு இணையாகத் தாகமும் நோயும் கொன்றன. 1935 சூன் மாதம் போர் நின்றபோது இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மாண்டிருந்தனர். சாக்கோவின் பெரும்பகுதி பராகுவேயிடம் சென்றது.

அகழிகளில் முதன்முறையாகப் பல மொழி பேசுவோரும், நகரத்து இளைஞரும் உழவரும் ஒன்றாக இருந்தனர். யாருக்காக இப்போர் என்ற கேள்வியுடன் திரும்பிய அத்தலைமுறையே பிந்தைய மாற்றங்களை நிகழ்த்தியது. 1937 இல் அரசு ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. 1941 இல் தேசியப் புரட்சி இயக்கம் தோன்றியது. 1942 இல் கதாவி சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளரும் குடும்பத்தினரும் சுடப்பட்டனர். 1945 இல் குடியரசுத் தலைவர் வில்யாரோயெல் முதல் தொல்குடியினர் மாநாட்டைக் கூட்டி, பண்ணையார் வீட்டில் கூலியின்றி உழைக்கும் போங்கோ முறையை ஒழித்து ஆணையிட்டார். அடுத்த ஆண்டு கலகக் கூட்டம் ஒன்று அவரைக் கொன்று, அரண்மனைக்கு எதிரிலிருந்த விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டது. அவரது ஆணையும் செயலிழந்தது.

1952 புரட்சி

1950 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 1,000 ஹெக்டேருக்கு மேல் வைத்திருந்த ஏறத்தாழ 6 விழுக்காட்டு நில உடைமையாளரிடம் 92 விழுக்காட்டு நிலம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே வாக்குரிமை. 1951 தேர்தலில் தேசியப் புரட்சி இயக்கத்தின் விக்தோர் பாஸ் எஸ்தென்சோரோ முதலிடம் பெற்றபோது, படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1952 ஏப்ரல் 9 இல் தொடங்கிய எழுச்சியில் லா பாசிலும் ஒரூரோவிலும் சுரங்கத் தொழிலாளர் வெடிமருந்துக் குச்சிகளுடன் போரிட்டு, மூன்று நாட்களில் படையை வீழ்த்தினர்.

சூலையில் 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. (மணமானோருக்கு 18 வயது.) அக்டோபர் 31 இல் மூன்று பெரும் வெள்ளீய நிறுவனங்களும் நாட்டுடைமையாயின. உழவர்கள் சட்டத்துக்குக் காத்திராமல் பண்ணைகளைக் கைப்பற்றத் தொடங்கியிருந்தனர். 1953 ஆகஸ்ட் 2 இல் உகுரென்யா என்னும் ஊரில் கையெழுத்தான நிலச் சீர்திருத்தச் சட்டம் அதனை ஏற்றது.

சுரங்கங்கள் அரசுக்கு வந்த வேளையில் நல்ல தாது பெரும்பாலும் தீர்ந்திருந்தது. இயந்திரங்கள் தேய்ந்திருந்தன. பழைய உரிமையாளருக்கு இழப்பீடும் தர வேண்டியிருந்தது. உருக்காலை இன்னும் வெளிநாட்டிலேயே இருந்தது. அரசு அமெரிக்க உதவியைச் சார்ந்தது. புரட்சியின் சமூகச் சீர்திருத்தங்கள் நிலைத்த அளவுக்கு அதன் பொருளாதாரம் நிலைக்கவில்லை.

படையாட்சிக் காலம்

1964 நவம்பரில் ரெனே பாரியெந்தோஸ் ஆட்சியைப் பிடித்தார். கெச்சுவா மொழியில் சரளமாகப் பேசிய அவர் உழவரின் ஆதரவைப் பெற்று, சுரங்கத் தொழிலாளரை ஒடுக்கினார். 1966 இல் வந்த சே குவேரா உழவரிடையே ஆதரவு பெற இயலாமைக்கு இப்பின்னணி முக்கியமானது. 1953 இல் நிலம் பெற்றவர்கள் மற்றொரு புரட்சிக்கு ஆயத்தமாக இல்லை. 1967 அக்டோபர் 9 இல் அவர் லா இகேரா ஊர்ப் பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1971 முதல் 1978 வரை ஊகோ பான்செர் ஆண்டார். 1977 டிசம்பர் இறுதியில் நான்கு சுரங்கத் தொழிலாளர் மனைவியர் லா பாசில் தம் குழந்தைகளுடன் தொடங்கிய உண்ணாநோன்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். மூன்று வாரங்களுக்குள் பான்செர் அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு அளிக்க நேர்ந்தது. 1979 இல் லிதியா கெய்லர் நாட்டின் முதல் பெண் தலைவரானார். 1980 சூலையில், போதைப்பொருள் வணிகரின் ஆதரவுடன், கார்சியா மேசா அவரைக் கவிழ்த்தார். மக்களாட்சி 1982 அக்டோபரில் மீண்டது. மேசா பின்னர் தண்டிக்கப்பட்டு 2018 இல் காவலில் இறந்தார்.

பணவீக்கம் முதல் எரிவளிப் போர் வரை

மீண்ட மக்களாட்சி வெளிநாட்டுக் கடனையும் காலியான கருவூலத்தையும் பெற்றது. அரசு பணத்தை அச்சிட்டுச் செலவு செய்தது. 1985 இல் ஆண்டுப் பணவீக்கம் 8,000 விழுக்காட்டைத் தாண்டியது. நாணயத் தாள்கள் வெளிநாடுகளில் அச்சிடப்பட்டு விமானங்களில் வந்தன. மக்கள் அவற்றை எண்ணாமல் கட்டுக்கட்டாகக் கைமாற்றினர். அவ்வாண்டு மீண்டும் தலைவரான பாஸ் எஸ்தென்சோரோ ஆகஸ்ட் 29 இல் 21060 ஆம் எண் ஆணையை வெளியிட்டார். விலைக் கட்டுப்பாடுகள் நீங்கின. அரசுச் செலவு குறைந்தது. பணவீக்கம் சில வாரங்களில் அடங்கியது. 1987 இல் பத்து இலட்சம் பழைய பெசோவுக்கு ஒன்று என்ற கணக்கில் பொலிவியானோ நாணயம் வந்தது.

1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தையும் சரிந்தமையால் 20,000க்கும் மேற்பட்ட அரசுச் சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்தனர். சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய அதே மனிதரின் கையால் இது நிகழ்ந்தது. வேலையிழந்தோர் எல் ஆல்ட்டோ நகரிலும், கோக்கா பயிரிடும் சாப்பரே பகுதியிலும் குடியேறினர். அவர்கள் தம்முடன் தொழிற்சங்க அனுபவத்தையும் கொண்டுசென்றனர்.

2000 ஆம் ஆண்டில் கொச்சபம்பா நகரின் குடிநீர் வழங்கல் ஒரு பன்னாட்டு நிறுவனக் கூட்டுக்கு விடப்பட்டுக் கட்டணம் உயர்ந்தபோது மக்கள் நகரத்தை முடக்கினர். ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2003 இல் இயற்கை எரிவளியைச் சிலித் துறைமுகம் வழியே வட அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் திட்டத்துக்கு எதிராக எல் ஆல்ட்டோ மக்கள் சாலைகளை மறித்தனர். 1781 இல் போலவே லா பாசுக்கு வழி அடைபட்டது. படையினர் சுட்டதில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அக்டோபர் 17 இல் தலைவர் கொன்சாலோ சான்செஸ் டி லொசாடா பதவி விலகி அமெரிக்காவுக்குச் சென்றார்.

பல்தேசிய அரசு

2005 டிசம்பர் தேர்தலில், அய்மாரா இனத்தவரும் கோக்கா உழவர் சங்கத் தலைவருமான ஏவோ மொராலெஸ் ஏறத்தாழ 54 விழுக்காடு வாக்குகள் பெற்றார். 2006 மே 1 இல் அவர் எண்ணெய், எரிவளித் துறையை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். நிறுவனங்கள் வெளியேற்றப்படவில்லை. அவை செலுத்தும் பங்கே பெரிதும் உயர்ந்தது. எரிவளி விலை உயர்ந்திருந்த அக்காலத்தில் வறுமை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 2009 இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு நாட்டைப் பல்தேசிய அரசாக அறிவித்து, ஸ்பானிய மொழியுடன் 36 தொல்குடி மொழிகளையும் அலுவல் மொழிகளாக்கியது.

தலைவரின் பதவிக்கால வரம்பைத் தளர்த்துவதற்கான 2016 பிப்ரவரி வாக்கெடுப்பில் மொராலெஸ் சிறு வேறுபாட்டில் தோற்றார். எனினும் அடுத்த ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் துணையுடன் 2019 தேர்தலில் போட்டியிட்டார். வாக்கு எண்ணிக்கை குறித்த குற்றச்சாட்டுகள், போராட்டங்கள், காவல்துறைக் கலகம், படைத்தலைமையின் வேண்டுகோள் ஆகியவற்றுக்குப் பின் நவம்பர் 10 இல் பதவி விலகி நாட்டைவிட்டுச் சென்றார். தேர்தலில் மோசடி நிகழ்ந்ததா, அது ஆட்சிக் கவிழ்ப்பா என்பவை இன்றும் பொலிவியரைப் பிரிக்கும் கேள்விகள். இடைக்காலத் தலைவர் ஹெனினே ஆன்யெஸ் காலத்தில் சகாபா, செங்காத்தா ஆகிய இடங்களில் படையினரின் நடவடிக்கையில் பலர் கொல்லப்பட்டனர். 2020 அக்டோபரில் மொராலெசின் கட்சியைச் சேர்ந்த லூயிஸ் ஆர்சே 55 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார்.

ஆர்சே காலத்தில் எரிவளி உற்பத்தி குறைந்தது. அதனால் டாலர் கையிருப்பு கரைந்து, எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் தோன்றின. ஆளுங்கட்சி ஆர்சே, மொராலெஸ் அணிகளாகப் பிளந்தது. 2025 அக்டோபர் 19 இல் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் ரொட்ரிகோ பாஸ் வென்று, நவம்பர் 8 இல் பதவியேற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுக்கால இடதுசாரி ஆட்சி இதனுடன் முடிவுற்றது.

உலகின் மிகப்பெரிய லித்தியம் வளங்களுள் ஒன்று, 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த உயுனி உப்புப் பரப்பில் உள்ளது. மின்கலங்களுக்குத் தேவையான இவ்வுலோகத்தைத் தாதுவாக ஏற்றுமதி செய்யாமல் நாட்டிலேயே பதப்படுத்த வேண்டும் என்பது மொராலெஸ் அரசின் கொள்கையாக இருந்தது. ஒரு ஜெர்மன் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம், உரிமைத் தொகையில் தமக்குப் போதிய பங்கு இல்லை என்று உள்ளூர் மக்கள் போராடியதால் 2019 நவம்பரில் கைவிடப்பட்டது. உயுனி அமைந்திருப்பதும் பொட்டோசி மாகாணத்திலேயே ஆகும். செர்ரோ ரிக்கோ மலையில் தொழிலாளர் கூட்டுறவுகள் எஞ்சிய தாதுவை இன்னும் தோண்டி வருகின்றன. உள்ளே குடைந்த சுரங்கங்களால் மலையுச்சி சரிந்து வருவதையொட்டி, 2014 இல் யுனெஸ்கோ பொட்டோசியை ஆபத்திலுள்ள உலக மரபுக் களங்களின் பட்டியலில் சேர்த்தது.